கல்லில் இருந்த கி.பி.யும் நான் குடிக்காத கூழும்

தேர்வாய் கண்டிகை ரோட்டில் சோப்பு லாரி கவிழ்ந்ததே, அதற்கு அடுத்த ஆடி மாதம் நடந்தது இது. வருஷத்தின் எண் எனக்கு நிற்காது, லாரிதான் நிற்கும். அது கவிழ்ந்த அன்று மகளைப் பார்க்க அந்த ஊருக்குப் போயிருந்தேன். தெருவே ஓடிப்போய்ச் சோப்பை அள்ளியது. பொங்கல் வரைக்கும் அந்தத் தெருவில் யார் பக்கத்தில் நின்றாலும் மல்லிகை வாசம்தான். என் சம்பந்தியம்மா, அதாவது மகளின் மாமியார், எனக்கும் ஒரு பை நிறையக் கொடுத்து அனுப்பினார். அப்படிப்பட்ட மனுஷி.

மகளும் மாப்பிள்ளையும் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்டு, ஒரே வேன். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவர்கள் அம்மன் கும்பிடுகிறவர்கள். இரண்டு பக்கமும் பெரியவர்கள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள்தான், அதனால் கல்யாணப் பேச்சு இழுக்கவில்லை. "எந்த சாமியா இருந்தா இன்னா சம்மந்தி, புள்ளைங்க நல்லா இருந்தா போதும்" என்றார் அந்த அம்மா.

எனக்குச் செவ்வாப்பேட்டைப் பக்கம் ஒரு கல் கடையில் வேலை. கறுப்புக் கல்லை மிஷினில் தேய்த்துப் பளபளப்பாக்குவேன். எழுத்து வெட்டுகிறவர் வேறு ஆள். எங்களிடம் வருவதெல்லாம் கல்லறைக் கல், சர்ச்சுக்கு அடிக்கல் இப்படித்தான். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வெட்டிய கல்லைத் துணியால் துடைத்துத் துடைத்து எழுத்துகளின் வடிவம் விரலுக்குப் பழகிவிட்டது. வருஷத்து எண்ணுக்கு முன்னால் தலையில் கொக்கி போட்ட இரண்டு எழுத்து, பக்கத்தில் புள்ளி. கி.பி. அது இல்லாமல் வருஷமே இல்லை என்று நினைத்திருந்தேன்.

மகளின் தெருவில் அம்மன் கோயிலைப் புதிதாகக் கட்டினார்கள். பெயர்க்கல் நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பெண்ணைக் கொடுத்த இடத்தில் நம் கையால் ஒன்று நிற்கட்டும் என்ற ஆசை. எழுத்து வெட்டுகிறவரிடம், "சர்ச்சு கல்லுக்கு இன்னா இன்னா போடுவியோ அத்தினியும் போடு. அம்மன் கல்லுன்னு ஒண்ணும் கொறைக்காத" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வெட்டினார்.

ஆடியில் கூழ் ஊற்றும் அன்று கல்லைத் திறந்தார்கள். கோயில் கமிட்டியில் ஒருவர், கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் மேஸ்திரி, சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றார்.

"பெரியவரே, கி.பி.ன்னு போட்டுக்கீதே, இன்னா அது?"

"வருசத்துக்கு முன்னாடி போடுறதுதாம்பா."

"அது தெரியுது. அர்த்தம் இன்னா?"

நான் தோள் துண்டை எடுத்து அந்த எழுத்தை இன்னொரு தரம் துடைத்தேன்.

"கிறிஸ்து பொறந்ததுக்குப் பின்னாடின்னு அர்த்தம். ஆத்தா வாசல்ல ஏசுவ குந்த வெச்சிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறியே, கில்லாடிய்யா நீ!"

எல்லோரும் சிரித்தார்கள். "அடுத்த ஆடிக்கு கூழா, கேக்கா?" என்றது ஒரு குரல். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் நான். ஏசுவின் பெயரையே இத்தனை காலம் துடைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அது அவர் பெயர் என்றே தெரியாது. இந்த வெட்கத்தை அங்கே யாரிடம் சொல்வது? சொன்னால் நம்புவார்களா?

சம்பந்தியம்மா மஞ்சள் கிண்ணத்தோடு வந்தார். "வுடுங்கப்பா. பொட்டு வெச்சா எல்லா எழுத்தும் ஆத்தா எழுத்துதான்" என்று அந்த இரண்டு எழுத்தின் மேலும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். சிரிப்பு அடங்கியது. மகள் ஒரு சொம்பு கூழைக் கொண்டுவந்து நீட்டினாள். "நைனா, குடி" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொம்பைத் தொடாமல் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்துவிட்டேன்.

மறுநாள் கடையில் அந்த எழுத்து வெட்டுகிறவரைக் கேட்டேன்.

"ஏசு பொறந்தத வெச்சி எண்ணுற கணக்குபா. அதுக்கு முந்தி நடந்ததுன்னா கி.மு., பிந்தின்னா கி.பி. இப்ப இருக்குற வருசத்துக்கு அத போடவே தேவல. ஊரே அந்தக் கணக்குலதான் ஓடுது. சர்ச்சு கல்லுக்குப் பழக்கத்துல போடுறோம்."

"அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீதானே ஒண்ணும் கொறைக்காதன்ன!"

அவ்வளவுதானா என்று இருந்தது. சோப்பு லாரிக்கு முந்தி, சோப்பு லாரிக்குப் பிந்தி என்று நான் எண்ணுவதைப் போல ஒன்று. இதற்குப் போய்ச் சொம்பைத் தொடாமல் வந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மகள் சொன்னாள். "நைனா, நீ குடிக்காம பூட்டியே, சாமிக்கு படைச்சத தொடமாட்டாருன்னு தெருவுல பேசுறாங்க. 'உங்கப்பாவுக்கு எங்க ஆத்தா கூழு ஆவாதாமே'ன்னு தண்ணி புடிக்கிற எடத்துல கேக்குறாங்க. அத்தைக்கும் மனசு கஷ்டம். வெளிய சொல்லல."

எங்கள் ஜனங்களில் படைத்ததைத் தொடாதவர்கள் உண்டு. நான் அப்படி இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு ஆடிக்கும் போய், கருவாட்டுக் குழம்போடு இரண்டு சொம்பு குடிப்பவன். வெட்கத்தில் ஓடிவந்தேன், அவர்களுக்கோ வெறுப்பில் போனதாகத் தெரிந்திருக்கிறது. மஞ்சள் கிண்ணத்தோடு வந்து என் மானத்தைக் காத்தவருக்கு நான் காட்டியது முதுகு.

நேரில் சொல்லலாம் என்று திருவள்ளூரில் பஸ் ஏறினேன். பாதி வழியில், ஊத்துக்கோட்டையில் இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். போனிலும் அந்த அம்மாவின் குரல் கேட்டதும், "புள்ளைங்க நல்லா கீறாங்களா?" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வருவதில்லை.

இதோ அடுத்த ஆடி வருகிறது. இதைக் கேட்கிற உங்களில் யாராவது அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால், மஞ்சள் பூசிய கல் இருக்கிற கோயில் எது என்று விசாரியுங்கள். எதிர் வீடுதான் சம்பந்தியம்மா வீடு. செவ்வாப்பேட்டைக்காரர் கூழ் வேண்டாம் என்று போகவில்லை, வெட்கத்தில் போனார் என்று அவரிடம் சொல்லுங்கள். என் பங்குச் சொம்பை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால், தண்ணீர் பிடிக்கிற இடத்திலும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.