தயிர்க்கடைச் சுவரில் மிஞ்சின ஆனை

உதயரூபனுக்குச் சொந்தக் கடை கிடையாது. மோட்டார் சைக்கிளின் பின்னால் பெயின்ற் வாளிகளைக் கட்டிக்கொண்டு களுவாஞ்சிக்குடியிலிருந்து மாங்கேணி வரை ஊர் ஊராகப் போவான். சுவர் எங்கே, அவன் அங்கே. சலூனோ பாலர் பாடசாலையோ, மூலையில் ஒரு வெள்ளை ஆனையைப் போடாமல் ஏணியை விட்டு இறங்க மாட்டான். நாலு கோடு, ஒரு தும்பிக்கை, முதுகில் கை விரித்த ஒரு மனிசன். வாவிக்கு மேற்கே படுவான்கரைக் காட்டில் ஒரு கற்குகை உண்டு. அங்கே எந்தக் காலத்து வேடனோ சாம்பலைக் குழைத்து விரலால் கீறின ஆனை அது. முதன்முதல் கண்ட அன்று சோறு தண்ணி மறந்து அதற்கு முன்னால் குந்தியிருந்தவன், மறுகா வேறு ஆனை கீறினதேயில்லை.

பெண்சாதி நிருஷாதான் நம்பவில்லை. "குகையும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. வேற ஆனை கீற வராது, அதுக்கு ஒரு கதை" என்று எந்த நேரமும் நக்கல். ஊரெல்லாம் மெச்சினாலும் அந்த நக்கல்தான் அவனைக் குடைந்தது. போன பங்குனியில், "சரி, காட்டுங்க பாப்பம்" என்று அவளே வெளிக்கிட்டாள்.

மலையடியில் அவள் மூச்சு வாங்கி உட்கார, இவன் முன்னால் ஏறிப் பார்த்தான். மழைத் தண்ணி வழிந்து ஆனை மங்கிக் கிடந்தது, பின்காலே தெரியவில்லை. இதைக் காட்டினால் காலம் முழுக்கச் சிரிப்பாளே என்று பதறிப்போனான். கோயில் சடங்குக்கு முன்னால் மங்கின சாமிக்கெல்லாம் வண்ணம் தொட்டுவிட்டுப் பழகின கை, சும்மா கிடக்குமா? தோள்பையில் கிடந்த வெள்ளையை எடுத்துக் காலைத் தொட்டான். கால் துலங்க, முதுகு மங்கலாய்த் தெரிந்தது, அதையும் தொட்டான். தும்பிக்கையையும் விடவில்லை. தள்ளி நின்று பார்த்தால் அசல் கடை விளம்பரம். காய முன்னம் துடைத்துவிடுவோம் என்று தண்ணிப் போத்தலைக் கவிழ்த்துத் துணியால் தேய்த்தான். பெயின்ற் வந்தது. சாம்பலும் சேர்ந்து வந்தது. மிஞ்சினது ஈரக் கல்லும், ஏறியிருக்க ஆனையில்லாத அந்த மனிசனும்தான்.

நிருஷா ஏறி வந்தாள். "எங்க ஆனை?"

அவன் கையைப் பின்னால் ஒளித்தான். அவள் பிடித்து விரித்துப் பார்த்தாள், விரலிடுக்கெல்லாம் வெள்ளை. கையை விட்டுவிட்டு இறங்கத் தொடங்கினாள். ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். இறங்கும்போது அவளுக்கு முன்னால் நடக்கவும் அவனுக்கு வெட்கம், பின்னால் நடக்கவும் வெட்கம்.

அதற்குப் பிறகு எந்தச் சுவரிலும் அவன் ஆனை கீறவில்லை. போன கிழமை இருவருமாக ஏறாவூரால் வரும்போது தயிர்க்கடை முனாஸ் மறித்தார். குகையைக் கண்டு வந்த கையோடு உதயரூபன் கீறின முதல் ஆனை அவருடைய கடைச் சுவரில்தான் நிற்கிறது.

"தம்பி, ஆனை மங்கிட்டு. சனம் நிண்டு போட்டோ எடுக்குது. கொஞ்சம் தொட்டு உட்டுட்டுப் போங்க."

மறுக்க வாய் வராமல் தூரிகையை எடுத்து வெள்ளையில் தோய்த்தான். சுவருக்குக் கிட்டப் போனான். பின்னால் நின்ற நிருஷா மெல்லச் சொன்னாள்: "வேணாங்க. குகையைப் பாத்த கையோட கீறினதெண்டு இனி இருக்கிறது இது ஒண்டுதான்."

அவன் தூரிகையை வாளிக்குள் போட்டான்.

"அது அப்பிடியே கிடக்கட்டும் முனாஸ் நானா. மழை படாம மேல ஒரு தகரம் மட்டும் அடிச்சு விடுங்க."

அதைச் சொல்லும்போது முனாஸின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.