நோன்பு வயிறு

எங்கள் ஆராய்ச்சி கேட்பதற்கு எளிதானது. பகல் முழுக்கப் பட்டினி கிடக்கும் ஆரோக்கியமானவர்களின் இரைப்பையை ஸ்கேனில் பார்த்து அளக்க வேண்டும். மற்ற மாதங்களில் அப்படி ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. வெறும் வயிற்றோடு வாருங்கள் என்றால், "ஒரே ஒரு டீ மட்டும்தான் மேடம்" என்று சிரித்துக்கொண்டே வந்து நிற்பார்கள். அதனால் ரம்ஜான் மாதத்தில் வேலூரிலிருந்து சின்ன ஸ்கேன் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஆம்பூருக்குப் போய்விடுவோம். சொட்டுத் தண்ணீர்கூட இறங்காத வயிறுகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு.

ஒரு கிளினிக்கின் பின்னறையில் உட்கார்ந்தோம். ஜெல் தடவினால் நோன்பு முறியுமா என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். முறியாது என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்ன பிறகுதான் சட்டையைத் தூக்கினார்கள்.

ஒரு பிற்பகல் ஓர் அம்மாவும் மகனும் வந்தார்கள். மகன் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். "வேணாம் அம்மி" என்றவனை அம்மாதான் இழுத்து வந்திருந்தார். முதலில் அவரே படுத்தார். திரையைத் திருப்பிக் காட்டுவது என் வழக்கம், காட்டினால் ஆள் அசையாமல் கிடப்பார். காலி இரைப்பை சுருங்கி ஒரு சின்ன வளையமாகத் தெரியும். "சுத்தமா காலிம்மா" என்றேன். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி அவர் முகம் மலர்ந்தது.

அடுத்து மகன். அவன் இரைப்பை ததும்பிக்கொண்டிருந்தது. விடியுமுன் சஹரில் சாப்பிட்ட சோறு இன்னும் அங்கேயே கிடந்தது. குடலுக்கு இறங்கும் வாயருகே சுவர் தடித்து, வழி ஏறக்குறைய அடைத்துப் போயிருந்தது. கல்லீரலுக்குக் கருவியை நகர்த்தினேன். அங்கேயும் உருண்டை உருண்டையாகக் கட்டிகள்.

வயிற்றில் புளியைக் கரைத்தது என்பார்கள். எனக்கு ஒன்றும் கரையவில்லை. இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து மரத்துப் போயிருந்தேன். ஆரோக்கியமானவர்கள் கணக்கில் ஓர் ஆள் குறைகிறது என்றுதான் முதலில் தோன்றியது.

திரை திருப்பியபடியே இருந்தது. அம்மா எழுந்து வந்து பார்த்தார்.

"இன்னாடா இது? வயிறு ரொம்பிக் கெடக்குது. கம்பெனில சாப்டியா?"

அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ரம்ஜான் மாசத்துல! அல்லாவுக்கு இன்னாடா பதில் சொல்லுவ?" முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவன் ஜெல்லைத் துடைத்தான். "சத்தியமா சாப்பிடல டாக்டரம்மா. சஹருக்கு அம்மி போட்ட சோறுதான். ரெண்டு மாசமா எதுவும் எறங்க மாட்டேங்குது. வாந்தி வேற ஜாஸ்தி. வீட்ல யாருக்கும் தெரியாது."

நான் பார்த்ததைச் சொன்னேன். கேன்சரா என்று கேட்டான். அப்படித்தான் தெரிகிறது, டெஸ்ட் செய்துதான் உறுதியாகச் சொல்ல முடியும், நாளைக்கே வேலூருக்கு வா என்றேன். பஸ் நேரம் சொல்கிற குரல்தான் வந்தது.

"வர்றேன்" என்றான். வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "அம்மி கிட்ட நான் சாப்டுட்டேன்னே இருக்கட்டும். பெருநாள் வரைக்கும்."

"நோன்பை முறிச்சவன்னு நினைப்பாங்களே?"

"நெனைக்கட்டும். கோவம்தானே டாக்டரம்மா. கோவத்துல இருந்தா சாப்பிடுவாங்க, தூங்குவாங்க."

நோயாளி சொல்லவேண்டாம் என்றால் நான் வாய் திறக்கக்கூடாது. எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோபம் பாதி இறங்கியிருந்தது. மகன் பக்கம் திரும்பாமல் என்னைக் கேட்டார்: "பசி தாங்கல போல இருக்குது. பெருநாள் முடிஞ்சி விட்ட நோன்பைத் திருப்பி வச்சுடணும். வச்சுடுவான்ல? ஒடம்புல தெம்பு இருக்குதில்ல?"

அவன் என்னையே பார்த்தான்.

"இருக்குதும்மா" என்றேன்.

அம்மா எழுந்து அவன் முதுகில் ஒன்று வைத்தார். "ஒண்டியா வைக்க கஷ்டமா இருக்கும்" என்றார். "நானும் கூட வைக்கிறேன். வா."