கழட்டி சேக்கின் முழுப்பெட்டி

மேலப்பாளையத்தில் சேக் முகம்மது வீடு எது என்று கேட்டால், எந்தச் சேக் என்று திருப்பிக் கேட்பார்கள். கழட்டி சேக் என்றால் தெருவே கை காட்டும். பெரிய வீடுகளில் பழுதாகி மூலையில் கிடக்கும் கிராமபோன் பெட்டிகளை வாங்கி விற்பது அவர் தொழில். முழுசாக விற்கத்தான் ஆசை. ஆனால் கை சும்மா இராது. பெட்டி வீட்டுக்குள் வந்த அன்றே திருப்புளியை எடுத்துவிடுவார். சுருள்வில் கடிகாரம் பழுதுபார்க்கும் நாறும்பூநாதனுக்குப் போகும். பித்தளைக் குழல் உவரிக்குப் போகும். பனி மூடிய கடலில் தோணிக்காரர்கள் அதில் வாய் வைத்து ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஏழு வருஷத்தில் ஒரு பெட்டிகூட அவர் கையிலிருந்து பாடிக்கொண்டு போனதில்லை. அந்தப் பட்டப்பெயர் அவரை முள்ளாகக் குத்தியது.

எட்டாம் வருஷம் தை மாதம், சேரன்மகாதேவி சிவசண்முகம் பிள்ளை மகள் கல்யாணத்துக்கு ஓடுகிற பெட்டி ஒன்று வேண்டுமென்று சொல்லியனுப்பினார். சேக் யோசிக்காமல் சரி என்றார். நாலாம் நாளே பாளையங்கோட்டையில் ஒரு சைவ வீட்டிலிருந்து பளபளவென்று ஒரு பெட்டி வந்தது. ஒரு வருஷமாக ஓடவில்லை என்றார் காரியஸ்தர். சேக் சாவி கொடுத்துப் பார்த்தார். தட்டு அசையவில்லை. சுருள்வில் போயிற்று, இது உதிரிக்குத்தான் என்று முடிவு கட்டி, மத்தியானம் திரும்பிப் போன மீன் வண்டியிலேயே குழலை உவரிக்கு அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் அடிப்பலகையைக் கழற்றினால், உள்ளே சக்கரத்தைச் சுற்றி வெள்ளைத் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்த்ததும் தட்டு கிறுகிறுவென்று சுற்றியது. அவர் மனைவி மஹ்மூதா பீவி எட்டிப் பார்த்தாள்.

“துட்டி வீடுல்லா அது, சாவு விழுந்த வீடு. வருசம் திரும்புறதுக்குள்ள வீட்டுப் பிள்ளைங்க பாட்டு வச்சிரக் கூடாதுன்னு கட்டிப் போட்டிருக்காவ. குழலை அனுப்புறதுக்கு முந்தி ஒரு நாழி பொறுத்திருக்கலாம்.”

சேக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் கிளம்பி, ஏறிய வண்டியை இரண்டு முறை மாற்றி, மறுநாள் உவரி போய்ச் சேர்ந்தார். தோணி கரைக்கு வரும்வரை மணலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். குழல் வாங்கிய சந்தியாகு அதைத் தோளில் மாட்டிக்கொண்டே இறங்கினான். வாய் வைக்கத் தோதில்லை என்று பெட்டியோடு சேரும் வளைவை அறுத்து எறிந்திருந்தான்.

“வளைவைத் தேடுதீரா? கடல்ல கிடக்கும், முங்கி எடும்” என்றான். “உதிரி போனா போனதுதான், திரும்பக் கேக்கப்படாதுன்னு நீருதான வே சொன்னீரு?”

சொன்னவர் அவர்தான்.

கல்யாணத்துக்கு முதல்நாள், குழல் இல்லாத பெட்டியைச் சேரன்மகாதேவிக்கே கொண்டுபோய் நடந்ததைச் சொன்னார். சிவசண்முகம் பிள்ளை ஒரு இசைத்தட்டை ஓடவிட்டார். கொசு ரீங்கரிப்பது போலக் கேட்டது. கல்யாணப் பெண் குனிந்து காதை வைத்துக் கேட்டுச் சிரித்தாள். பிள்ளை சிரிக்கவில்லை.

“மூளிச் சாமானை மணவடை முன்ன வைக்க முடியாது, சேக்கு. கோவிச்சுக்கிடாதயும். குழலோட என்னைக்கு வாரீரோ, அன்னைக்கு வாங்கிக்கிடுதேன்.”

வீட்டுக்குத் திரும்பியபோது நாறும்பூநாதன் காத்திருந்தார். புது வில் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டாராம். சேக் பெட்டியை இறக்கி வைத்தார். பழக்கத்தில் கை திருப்புளியை எடுத்தது. அடிப்பலகையின் முதல் திருகாணியில் வைத்து அரைச்சுற்று திருப்பியும் விட்டார். நின்றார். பிறகு அதே அரைச்சுற்றை மறுபக்கம் திருப்பி இறுக்கினார்.

“வில்லு இல்ல அண்ணாச்சி. முழுப்பெட்டி. எங்கனயாவது பழைய குழல் ஒண்ணு கெடந்தா சொல்லும்.”

நாறும்பூநாதன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம் கிடைக்கலாம் என்றார். சேக் செருப்பை இன்னும் கழற்றியிருக்கவில்லை. தூத்துக்குடிக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.