பெண் வீட்டில் விட்டுவந்த லைசன்ஸ்

என் கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கும், பிழையும் இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தப்பில்லாமல் எழுதிய ஒரே எழுத்து இங்கிலீஷ் எச்சு (H). அதுவும் கையால் இல்லை. லைசன்ஸ் டெஸ்டில் நட்டிருந்த கம்பிகளுக்கு நடுவே ஜீப்பை முன்னும் பின்னும் ஓட்டி எழுதினேன். ஒரு கம்பிகூட விழவில்லை.

இன்று காலை மகள் என் புது லைசன்ஸைக் கைபேசியில் காட்டினாள். பழக்க தோஷத்தில் மோந்து பார்த்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பழைய லைசன்ஸ் சின்னப் புத்தகமாக இருக்கும். டீசலும் சட்டைப்பை வியர்வையும் கலந்து மணக்கும்.

அந்தப் புத்தகத்தோடுதான் வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். டிரைவர் மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கம் ஜாதகத்துக்கு முன்னால் லைசன்ஸைக் கேட்பார்கள்.

"முந்தி வந்தவனும் டிரைவர்னுதான் சொன்னான். போலீசக் கண்டதும் வண்டிய விட்டுட்டுத் தேயிலைக்குள்ள ஓடிட்டான். ஒங்களுதக் காட்டுங்க," என்றார் பெண்ணின் அப்பா.

புத்தகம் உள்ளே பெண்களிடம் போனது. நான் தரையைப் பார்த்தபடியே டீ குடித்தேன். அவள் கொலுசு தெரிந்தது, முகம் தெரியவில்லை. "யோசிச்சுச் சொல்லுதோம்," என்றார்கள். லைசன்ஸைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு, கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் ஜீப் முதலாளி சாவியைத் தரவில்லை. "தாலி கட்டுறதுக்கு முந்தியே எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டியாடா? லைசன்ஸ் வந்தாத்தான் வண்டி!"

அவர்கள் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? அதையே நினைத்துக்கொண்டு மலை ஏறினேன்.

வாசலில் அவளே நின்றாள், கையில் லைசன்ஸ்.

"போட்டோவுல நல்லா நிமிந்து பாக்கீங்க. நேத்து தரையில என்னத்தத் தேடுனீங்க?"

"போட்டோக்காரர் அதட்டினாரு," என்றேன்.

உள்ளே அவள் அம்மா சிரிப்பது கேட்டது.

"அப்பா நேத்தே குடுக்கச் சொன்னாவ. நாந்தான் குடுக்கல. இத எடுக்கவாவது திரும்ப வருவீங்கள்லா?"

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

பின்னால் ஒருமுறை புதுப்பிக்கப் போனபோது அந்தப் புத்தகத்தை ஆபீசிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். போட்டோவையாவது கேட்டு வாங்கியிருக்கலாம் என்று அவள் இன்றும் குறைப்படுகிறாள். அங்கேயும் எனக்குக் கூச்சம்தான். இப்போது கைபேசிக்குள் இருப்பதை யார் வீட்டிலும் மறந்து வைத்துவிட்டு வர முடியாது. வசதிதான். ஆனால் எந்தப் பெண்ணும் இனி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் முடியாது.

எழுதி முடித்தது ஆவணி பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை.