சடங்கு நோட்டீஸும் கண்ணுக்குத் தெரியாத வேர்டும்

மறுநாள் வருஷச் சடங்குக்குக் கோயில் கதவு திறக்க வேண்டும். கோயிலுக்குப் பொறுப்பான வண்ணக்கர் என் மேசைக்கு முன்னால் நோட்டீஸை ஆட்டியபடி கேட்டார்: "மகனே, இதச் சடங்குக்கு அடிச்சனீயா, சண்டைக்கு அடிச்சனீயா?"

அப்போது நான் செட்டிபாளையத்துக்குக் கிட்ட, மெயின் ரோட்டில், போட்டோ கொப்பியும் பிரிண்டும் எடுக்கும் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலைக்கு இருந்தேன். அதற்கு முன் பாசிக்குடா ஹோட்டலில் நீச்சல் குளம் கழுவினேன், மாங்கேணியில் கருவாடு காயப்போட்டேன், கட்டாரில் கம்பி கட்டினேன். ஓ.எல். பரீட்சையில் கணிதத்தில் இரண்டு தரம் கோட்டை விட்டவன். புரோகிராம் எழுதப் பழகியது கட்டார் கேம்பில், திரை உடைந்த போனில் வீடியோ பார்த்து. இதில் அழவும் ஒன்றுமில்லை, பெருமைப்படவும் ஒன்றுமில்லை. வெயிலில் நிற்பதைவிட ஃபேனுக்குக் கீழ் இருப்பது சுகம்.

கடை முதலாளி வசந்தி அக்கா. கல்யாணம், சாமத்தியம், மரணம் என்று எல்லா நோட்டீஸையும் வேர்டில் தானே அடித்து முதுகு நொந்துபோயிருந்தார். அவருக்காக ஒரு புரோகிராம் எழுதினேன். பெயர்களைத் தெரிவு செய்து பட்டனை அமுக்கினால், அது வேர்டைத் திறந்து, மாதிரி நோட்டீஸில் பெயர்களை நிரப்பி, சேவ் செய்து, பிரிண்டும் எடுக்கும். வேர்ட் திரையில் தலைகாட்டினால் மந்திரம் மாதிரி இருக்காதே என்று Visible = False போட்டேன். திற, ஆனால் கண்ணில் படாதே என்று அர்த்தம். தலைப்பில் On Error Resume Next. என்ன பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ. என் வாழ்க்கையும் ஏறக்குறைய அந்த வரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் சடங்கின் ஒவ்வொரு நாளும் ஒரு குடிக்கு, அதாவது ஒரு வம்சத்துக்கு, உரியது. தாய்வழி வரும் உரிமை. முதல் நாள் யாருக்கு, மூன்றாம் நாள் யாருக்கு என்பதில் ஒருவரும் கைவைக்க முடியாது. என் புரோகிராம் கைவைத்தது. குடிப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கிவிட்டது. மூன்றாம் நாள் குடி முதல் நாளில் போய் உட்கார்ந்துகொண்டது. எந்தக் குடி என்று சொல்லமாட்டேன். அந்த ஊரில் எனக்கு இன்னும் பெண் பார்க்கிறார்கள். நோட்டீஸ் அப்படியே வெளியே போனால் முதல் நாள் குடி வராது. அவர்கள் வராமல் கதவு திறக்காது.

"ரெண்டு நிமிஷம் ஐயா," என்று அகரவரிசை வரியை அழித்துவிட்டு பட்டனை அமுக்கினேன். பழைய பிழையே வந்தது. திரும்ப அமுக்கினேன். திரும்பவும் அதுவே.

வண்ணக்கர் பிரிண்டரைப் பார்த்தார். "இந்த மெசினும் அவங்கட குடியோ?"

அந்த நேரம் அடையாள அட்டைக்குப் போட்டோ கொப்பி எடுக்கத் தங்கராசா வந்தார். அவர் மூன்றாம் நாள் குடி. மேசையில் கிடந்த பிழைத் தாளை எடுத்துப் படித்தார். முகம் மலர்ந்தது.

"இப்பதான் ஒருத்தன் சரியா அடிச்சிருக்கான்!" போனில் படம் பிடித்துத் தங்கள் குரூப்பில் போட்டும் விட்டார்.

"தங்கராசா, அது பிழைக் கொப்பி. கீழ வை," என்றார் வண்ணக்கர்.

"கம்பியூட்டருக்குப் பக்கச்சார்பு இல்ல மச்சான். ஆரு மூத்த குடியெண்டு அதுக்குத் தெரியும்."

சிறிது நேரத்தில் வண்ணக்கரின் போன் அடித்தது. கேட்டுவிட்டு வைத்தார். "படத்தப் பாத்துட்டு முதல் நாள்க்காரர் வரமாட்டாங்களாம். கோயிலுக்குப் பூட்டப் போடட்டாம்."

வசந்தி அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கட்டார் நல்ல நாடாகத் தெரிந்தது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். உள்ளே ஒரு பட்டாளம் வேர்ட்! ஒவ்வொரு தடவையும் புரோகிராம் ஒரு வேர்டைத் திறந்திருக்கிறது. மூடச் சொல்லி நான் எழுதவேயில்லை. முதலில் திறந்தது பிழை நோட்டீஸ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு மறைவில் இருந்தது. அதனால் திருத்தியது சேவ் ஆகவில்லை. சேவ் ஆகவில்லை என்ற செய்தியையும் என் தலைப்பு வரி விழுங்கிவிட்டது. பிரிண்டர் பாவம், கிடந்த பழைய ஃபைலை அடித்தது.

எல்லா வேர்டையும் சாத்தினேன். தலைப்பு வரியை அழித்தேன். False-ஐ True ஆக்கி, திரையை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டுப் பட்டனை அமுக்கினேன். வேர்ட் எல்லோருக்கும் முன்னால் திறந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் நாளில் வந்து விழுந்தன. வண்ணக்கர் சத்தமாக வாசித்தார்.

"என்ட போனில வேற மாதிரிக் கிடக்கே," என்றார் தங்கராசா.

"சரி மச்சான்," என்றார் வண்ணக்கர். "உன்ட போனே சரியெண்டு வைப்பம். நாளைக்கு முதல் நாள் உங்கட. பந்தலும் உங்கட, ஊருக்குச் சோறும் உங்கட. அரிசி இறக்கியாச்சா?"

தங்கராசா போனைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "தம்பி, இந்த மெசினில பிழை வாறதோ?"

"வரும் அண்ணன்."

அவர் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துக் குரூப்புக்குச் சொன்னார்: "அது கம்பியூட்டர்ர பிழைகா. ஒருத்தரும் தூக்கிப் பிடிக்க வேணாம்." வண்ணக்கர் அந்தக் குரல் பதிவையே வாங்கி முதல் நாள்க்காரருக்கு அனுப்பினார்.

மறுநாள் கதவு திறந்தது. நான் போகவில்லை. கடையில் இருந்து, வேலை முடிந்ததும் வேர்டை மூடும் வரியை எல்லாப் புரோகிராமிலும் சேர்த்துக்கொண்டிருந்தேன். வேர்ட் திறந்து மூடும்போதெல்லாம் திரை மின்னிக் கண் கூசுகிறது என்று வசந்தி அக்கா புறுபுறுத்தார். கூசட்டும். இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: மறைவில் திறந்த வேர்ட் செய்யும் பிழை முழுக்க உங்களுடையது. முன்னால் திறந்தால், பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.