சாந்தாமணி வைத்த பொய்க் குறிகள்

திருமதி சாந்தாமணி அவர்கள் காலமானார் என்ற செய்தி போன செவ்வாய்க்கிழமை காலையில் கைப்பேசியில் வந்தபோது நான் நம்பவில்லை. துக்கத்தில் நம்ப முடியாமல் போவது வேறு. நான் நிஜமாகவே சந்தேகப்பட்டேன். சென்ற ஆண்டு அவரைக் காணவில்லை, நாயைக் கூட்டிக்கொண்டு உடனே வரவும் என்று இதே மாதிரி ஒரு செய்தி வந்தது. நானும் என் நாய் டைகரும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினோம். அம்மையார் ஒரு புளியமரத்தடியில் முறுக்கு தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட்டு வைக்கும் மோப்பப் பரீட்சைக்கு நான் தயாராகி வந்துவிடுகிறேனாம், அதனால் சொல்லாமல் வைத்தாராம்.

எனவே அவருடைய கணவர் தங்கவேலுவை அழைத்தேன். "இந்தத் தடவ நெசந்தானுங்க" என்றார். விடியற்காலையில் நெஞ்சு வலித்திருக்கிறது, ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அப்படியும் நாமகிரிப்பேட்டையில் அவர்கள் வீட்டு வாசலில் பந்தலைப் பார்க்கும்வரை என் மனதில் ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது. பார்த்ததும் அழுதுவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பல ஆண்டுகள் ஒரு நூற்பாலை கேட்டில் வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளைச் சோதித்தவர். உலகத்தில் பை வைத்திருப்பவர்கள் எல்லோரும் எதையோ ஒளித்திருக்கிறார்கள் என்பது அவருடைய சித்தாந்தம். நான் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழிலை விட்டு ஓய்ந்தவன். காணாமல் போனவர்களை மோப்பம் பிடித்துத் தேட டைகரைப் பழக்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் தடம் போட ஆள் தேவைப்பட்டது. நாய்க்குப் பழக்கமில்லாத ஆளாக இருக்க வேண்டும். பக்கத்துத் தெருக்காரரான தங்கவேலு தம் மனைவியை அறிமுகம் செய்துவைத்தார்.

தடம் போடுவது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. கிழங்கு பிடுங்கிய காட்டில் ஒருவர் நடந்து போக வேண்டும். திரும்புகிற இடத்தில் எல்லாம் செடியில் ஒரு துணி கிளிப் மாட்ட வேண்டும். கடைசியில் ஒரு மறைவில் அவித்த முட்டையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து நான் நாயோடு அந்த வழியே வருவேன். நாய் தடத்தை விட்டு விலகுகிறதா என்று எனக்குத் தெரிவதற்காகத்தான் கிளிப். நாய் அவரைக் கண்டுபிடித்தால் முட்டை அதற்கு.

முதல் நாளே டைகர் நேராகப் போய் அவர் மடியில் விழுந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "இது என்னைக் கண்டுபுடிச்சுதா, முட்டையைக் கண்டுபுடிச்சுதாங்ணா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் முட்டையை வேறொரு மூலையில் புதைத்துவிட்டு வந்தார். டைகர் அவரிடமே போனான். அப்படியானால் கிளிப்பில் இருக்கும் கை வாசனையைப் பிடிக்கிறான் என்றார். கிளிப்புகளை வெந்நீரில் போட்டு எடுத்து, இடுக்கியால் மாட்டினார். அப்போதும் டைகர் போனான். எல்லாச் சந்தேகமும் தீர்ந்த பிறகு மிச்சமிருந்தது நான் ஒருவன்தான். நாய் கண்டுபிடிக்கிறதா, கிளிப்பைப் பார்த்து நான் கண்டுபிடிக்கிறேனா என்பது அவருடைய கேள்வி. அதிலிருந்து கடைசிவரை அவர் இறங்கி வரவே இல்லை.

மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி டைகரைப் பார்க்க வந்தார். அவருக்குப் பிடித்துப்போனால், ஆள் காணாமல் போகும்போது எங்களையும் கூப்பிடுவார்கள். அன்று டைகர் பாதி வழியில் ஒரு வரப்பைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினான். கிளிப்போ வலதுபக்கம் ஒரு வேலாஞ்செடியில் பளிச்சென்று இருந்தது. நான் கயிற்றை இழுத்து வலதுபக்கம் கொண்டுபோனேன். அங்கே யாரும் இல்லை. இடதுபக்கத்து மஞ்சள் காட்டுக்குள்ளிருந்து சாந்தாமணி எழுந்து வந்தார்.

"நாய் சரியாத்தானுங்ணா வந்துச்சு. நீங்கதான் கிளிப்பப் பாத்து இழுத்துட்டுப் போயிட்டீங்க" என்று அதிகாரியின் முன்னாலேயே சொன்னார். அவர் வேண்டுமென்றே பொய்க் குறி வைத்திருந்தார். அந்தப் பரீட்சையை வேறொரு நாள் வைத்திருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. இறந்தவர் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். என் நாய்க்குக் கெட்ட பெயர் வாங்கித் தரவே வந்திருக்கிறார் என்று சந்தேகப்பட்டு, சில மாதங்கள் அவரோடு பேசாமல் இருந்தேன்.

பிறகு மோகனூர்ப் பக்கம் ஒரு பெரியவரைக் காணவில்லை என்று அவருடைய மகனே தேடி வந்து அழைத்தார். பெரியவருக்கு ஞாபக மறதி. நான் வண்டியைக் கிளப்பும்போது சாந்தாமணி யாரையும் கேட்காமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அங்கே போனால் ஊரே காவிரிக் கரையில் நிற்கிறது. பெரியவரின் துண்டு படித்துறையில் கிடந்திருக்கிறது. ஆற்றோடு போய்விட்டார் என்று பெண்கள் அழத் தொடங்கிவிட்டார்கள்.

டைகர் துண்டை மோந்தான். ஆற்றைத் திரும்பியும் பார்க்காமல் கரும்புக் காட்டுப் பக்கம் இழுத்தான். நாய்க்கு ஒன்றும் தெரியவில்லை என்று யாரோ சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. என் கை தானாகக் கயிற்றை ஆற்றுப் பக்கம் திருப்பியது. அப்போது சாந்தாமணி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"கயித்த உடுங்ணா. துண்டு அங்க கெடந்த கதையெல்லாம் நமக்குத்தான். அதுக்கு அந்தக் கதை தெரியாது."

கயிற்றை விட்டேன். கரும்புக்குள் ஒரு வாய்க்கால் சேற்றில் கால் புதைந்து, எழுந்திருக்க முடியாமல் பெரியவர் கிடந்தார். உயிர் இருந்தது. அவர் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

திரும்பி வரும்போது வண்டியில் ஒரு பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். ராசிபுரம் வந்த பிறகுதான் அம்மையார் வாயைத் திறந்து, பெரியவருக்கு அந்தப் பக்கம் சொந்தமாகக் காடு இருப்பதாக யாராவது முன்னமே என்னிடம் சொன்னார்களா என்று விசாரித்தார். இல்லை என்றேன். "அப்படிங்களா" என்றார். அதற்குப் பிறகுதான் அந்தப் புளியமரத்து நாடகம். அதிலும், தெருமுனையில் நின்ற தம் ஸ்கூட்டரைப் பார்த்துத்தான் நான் வழி பிடித்திருப்பேன் என்று முடிவு கட்டினார்.

அடக்கம் முடிந்த பிறகு தங்கவேலு என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். சாந்தாமணியின் தாயாருக்குக் கடைசிக் காலத்தில் ஞாபகம் தப்பிப் போயிருந்ததாம். தமக்கும் ஒருநாள் அப்படி ஆகும் என்று அவருக்கு உள்ளுக்குள் பயம் இருந்ததாம். மோகனூரிலிருந்து வந்த அன்றைக்கே கணவரிடம் சொல்லி வைத்திருக்கிறார். அதைத் தங்கவேலு அவர் சொன்னபடியே சொன்னார்:

"நான் எங்கயாச்சும் தொலைஞ்சு போனா டைகரக் கூப்பிடுங்க. அது என்னையக் கொண்டாந்துரும்."

நான் தங்கவேலு முகத்தையே பார்த்தேன். துக்க வீட்டில் வந்தவர்களைத் தேற்றுவதற்கு இப்படி எதையாவது சொல்வது வழக்கம்தானே. சாந்தாமணி வாயிலிருந்து இப்படி ஒரு நம்பிக்கை வந்திருக்குமா? தங்கவேலு என் பார்வையைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் தயங்கி, இன்னொன்றும் சொன்னாளுங்க என்றார்.

"ஆனா அந்த அண்ணன் கயிறு புடிக்க வேண்டாம். வேற யாராச்சும் புடிக்கட்டும்."

ஆறுதல் சொல்ல வந்த எந்த மனிதரும் இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கற்பனை செய்ய மாட்டார். துக்க வீடு என்பதையும் மறந்து நான் சிரித்துவிட்டேன். தங்கவேலுவும் சிரித்தார், பிறகு இருவரும் அழுதோம். சாந்தாமணி டைகரை நம்பியிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வெளியே வண்டியருகில் டைகர் படுத்திருந்தான். கயிற்றைத் தங்கவேலு கையில் கொடுத்துவிட்டு நான் பின்னால் நடந்தேன். போய் வாருங்கள், அம்மணி. கயிறு என் கையில் இல்லை.