உட்கார மறுத்த சிவகாமசுந்தரி

பொட்டலத்தைப் பிரித்ததும் சிவகாமசுந்தரி முதலில் செய்வது, உள்ளே இருக்கும் ரப்பரை முகர்ந்து பார்ப்பதுதான். உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு வளையம், நடுவில் ஓர் இரும்புக் குழல். மெக்கானிக்குகள் அதைப் ‘புஷ்’ என்பார்கள். காரின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் அது உட்காரும். அவர் முகர்கிறார், கட்டைவிரல் நகத்தால் அழுத்துகிறார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார், பெட்டியில் அச்சடித்திருப்பதை எழுத்துக் கூட்டி வாசிக்கிறார். “வாசம் சரியாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் முகர்கிறார்.

சிங்கப்பூரின் தேக்கா சந்தை மீன்காரர் இவரைக் கண்டால் கேட்பதற்கு முன்பே செவுளைத் தூக்கிக் காட்டிவிடுவார். லிட்டில் இந்தியாவில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. வருபவரிடம் பெயர் கேட்பார், அடையாள அட்டை கேட்பார், பிறந்த தேதி கேட்பார். தெரிந்தவராக இருந்துவிட்டால் கேள்வி இன்னும் கூடும். “தெரிஞ்சவங்கதான் லா, பேச்சுக் குடுத்துக்கிட்டே அடுத்தவங்க மருந்தையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க.” வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கழுத்தில் மெல்லிய சங்கிலி, காலில் தட்டைச் செருப்பு. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் இவரைப் பந்தயத் தடத்தில் கார் ஓட்டுகிறவர் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்.

சுவா சூ காங்கில், வீட்டுக்குப் பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் தூணோரமாக நிற்கும் சிவப்பு நிற ஜப்பான் கார் இவருடையது. இரண்டே இருக்கை. தூணோரம் என்றால் ஒரு பக்கம்தான் பிறர் இடிக்க முடியும் என்பது கணக்கு. முன் சக்கரத்தில் காற்றடிக்கும் துளையின் மூடி எந்தத் திசையில் நிற்கிறது என்று மனத்தில் குறித்துக்கொண்ட பிறகே வீட்டுக்குப் போவார்; யாராவது வண்டியை நகர்த்தினால் தெரிந்துவிடும். கணவர் முத்துசாமி அந்தக் காரை இதுவரை தொட்டதில்லை. “அதுல ஏறினாலே முதுகு வலிக்குதுன்னு சொல்றாரு. அப்படித்தான் சொல்லுவாங்க.”

கடற்பாலம் தாண்டி மலேசியாவில் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் அங்கே சொந்தக் காரை ஓட்டலாம். பரிசும் கிடையாது, கைதட்டலும் கிடையாது. தலைக்கவசம் மாட்டிக்கொண்டதும் இந்த அம்மாள் வேறு ஆளாகிவிடுவார். யார்மீதும் சந்தேகம் இருக்காது. தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டுவார். வருடம் முழுவதும் எச்சரிக்கையாக வாழ்கிற ஒருவருக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

போன வருடம் அந்தச் சிரிப்பு போய்விட்டது. தடத்தின் கடைசிப் பெரிய வளைவில் காரின் பின்பக்கம் திடீரென்று விலகி, வண்டி சுழன்று சரளைக்கல்லில் போய் நின்றது. இவருக்கு ஒரு கீறல் இல்லை. பிறகு பார்த்தால் பின்பக்கப் புஷ் கிழிந்திருந்தது. அது புதிதாக மாற்றப்பட்டதாகச் சொல்லப்பட்ட புஷ். முன்பு காரை வேலைக்கு விட்ட பட்டறையில் பழைய ரப்பருக்கே டயர் பாலிஷ் தடவிப் பளபளவென்று ஆக்கி, “எல்லாம் மாத்தியாச்சு” என்று சாவியை நீட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒருமுறை தடத்துக்குப் போனார். வளைவு நெருங்கியதும் வலது கால் தானாகவே பெடலைவிட்டு எழுந்துவிட்டது. மனம் அழுத்து என்கிறது, கால் கேட்கவில்லை. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதார். இந்தச் சனிக்கிழமை அந்த வளைவைக் காலை எடுக்காமல் கடக்க வேண்டும். அதற்காகத்தான் பந்தயத்துக்கென்றே செய்த இந்தக் கெட்டி ரப்பர்.

கிராஞ்சிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ரத்னவேல் பருத்த மனிதர். ரேடியோவோடு போட்டிபோட்டுப் பேசுவார். பால் சேர்க்காத கோப்பி ஓவைப் பிளாஸ்டிக் பையில் வாங்கி, கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டு, போகும்போதும் வரும்போதும் ஓர் உறிஞ்சு உறிஞ்சுவார். காலையில் காரோடு வந்த சிவகாமசுந்தரிக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்கக்கா.”

“வேணாம். நிக்கிறேன்.”

மத்தியானம் வரை நின்றார். சாப்பிடவும் போகவில்லை. பழைய புஷ் ஒவ்வொன்றும் கழன்று வந்ததும் பையில் போட்டுக்கொண்டார். விட்டால் திரும்ப உள்ளே போய்விடும் என்ற பயம். வேலை முடிந்த ஒவ்வொரு நட்டின் மேலும் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தார். யாராவது பிறகு தளர்த்தினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

“கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்ளோ பூச மாட்டாங்கக்கா,” என்றார் ரத்னவேல்.

சிவகாமசுந்தரி சிரிக்கவில்லை. “புஷ் போல்ட்டை இப்ப டைட் பண்ணிடாதீங்க. சக்கரம் தொங்கும்போது டைட் பண்ணா, கீழ இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும். சீக்கிரம் கிழிஞ்சிடும். தரையில நிறுத்தி, ஓட்டுறவங்க எடையோடதான் பண்ணணும்.”

“தெரியும் லா. நானும் அப்படித்தான் பண்ணுவேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

காரைத் தாழ்வான இரும்பு மேடைகளின் மேல் இவரே ஓட்டி ஏற்றினார். வேறு யாரையும் விடவில்லை. இறங்கி வந்து, கீழே குனிந்து பார்க்க வசதியான இடமாகத் தேடி நின்றுகொண்டார். ரத்னவேல் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார்.

“ஏறுங்க.”

“எதுக்கு?”

“ஓட்டுறவங்க எடை வேணும்னு நீங்கதானே சொன்னீங்க.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எல்லா போல்ட்டுகளையும் நின்று பார்த்தாயிற்று. உயிரைத் தாங்கும் போல்ட்டுகளை இறுக்கும்போது மட்டும் மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. இந்த விதியைப் படித்துவந்து பிடிவாதம் பிடித்ததும் அவரேதான்.

“அரிசி மூட்டை வாங்கிட்டு வரேன். சீட்டுல வச்சுக்கலாம்.”

“அரிசி காலை நீட்டி உட்காருமா? அதோட, எவ்ளோ அரிசின்னு உங்க வெயிட்டைச் சொல்லணும்.”

“என் வெயிட் உங்களுக்கு எதுக்கு?”

“அப்ப உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க. அவரு கீழ பாக்கட்டும்.”

“அவருக்கு ஃபிரிட்ஜுல இருக்கிற தயிரே கண்ணுல படாது.”

கைப்பேசியைத் தரையில் சாய்த்து வைத்துப் படம் பிடித்துப் பார்த்தார். திரை முழுக்க ரத்னவேலின் முதுகுதான் தெரிந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தார். குறுகலான இருக்கை. காலை நீட்டி, எப்போதும்போல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். ரத்னவேல் காருக்கு அடியில் நகர்ந்து போவதற்கான சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்தார். ஆனால் உள்ளே போகவில்லை. படுத்தபடியே கதவுப் பக்கம் கையை நீட்டினார்.

“சாவியக் குடுங்க.”

“சாவியா? நான் யாருக்கும் குடுக்கிறதில்ல.”

“மேல ஆளு இருந்தா, சாவி என் பாக்கெட்டுல இருக்கணும். இல்லன்னா நான் கீழ போகமாட்டேன். ஒருத்தரு புழுக்கமா இருக்குன்னு ஏர்கான் போடத் திருப்பினாரு. வண்டி கியர்ல இருந்துச்சு. ஒரு முழம் நகர்ந்திடுச்சு, நான் அடியில.” முழங்கைக்கு மேல் சுருங்கியிருந்த தோலைத் திருப்பிக் காட்டினார்.

“நான் தொடமாட்டேன்.”

“அவரும் அப்படித்தான் சொன்னாரு.”

“என்னைச் சந்தேகப்படுறீங்களா?”

“ஆமாக்கா.”

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சிவகாமசுந்தரி கதவை அறைந்து சாத்தியிருப்பார். இப்போது அவருக்குக் கோபம் வரவில்லை. காலையிலிருந்து இந்த ஆள் சொன்னதில் சந்தேகமே இல்லாமல் நம்ப முடிந்தது அந்த ஒரு சொல்லைத்தான். மனிதர் உயிருக்குப் பயப்படுகிறார், ஒளிக்கவில்லை. வளைவில் எழுந்துவிடும் தன் காலை நினைத்துக்கொண்டார். ரத்னவேலை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

சாவியை உருவினார். அதே வளையத்தில் வீட்டுச் சாவியும் அலமாரிச் சாவியும் கோத்திருந்தன. கார்ச் சாவியை மட்டும் பிரித்தெடுக்க நகத்தை உள்ளே விட்டு வளையத்தை நெம்பினார். பாதி திறந்தது. கீழே எண்ணெய் படிந்த அந்தக் கை அப்படியே நீண்டிருந்தது. சிவகாமசுந்தரி நகத்தை எடுத்து, வளையம் மூடிக்கொள்ள விட்டு, கொத்தோடு அந்த உள்ளங்கையில் வைத்தார்.